பிடியரிசியும் பேரேடும்: யூத, கிறிஸ்தவ மரபுகளில் சமயப் பணிக்கான கொடை

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் போடுகிற வட்டாரம். தென்மேற்கே திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளி. வடக்கே சேத்துப்பட்டில் லூர்து மாதா ஆலயம். தெற்கே திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை. வடக்கே இன்னும் தள்ளிப் போனால் வேலூர் சி.எம்.சி. பிள்ளையைப் படிக்கவைக்கவும், நோயைக் காட்டவும், பொருத்தனையைச் செலுத்தவும் இந்தப் பக்கத்து மக்கள் மத வேறுபாடின்றித் தலைமுறைகளாகப் போய்வரும் இடங்கள் இவை. இவற்றுக்கு அடித்தளமிட்ட பணம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. டென்மார்க்கின் கிராமத்தாரும், பிரான்ஸின் பட்டாலைப் பெண்களும், அமெரிக்கத் திருச்சபைப் பெண்களும் இவ்வூர்களின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத நிலையில் கொடுத்த காசு அது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று ஒரு சபையின் விளக்கு எரிவதும், போதகருக்குச் சம்பளம் கிடைப்பதும், இன்னொரு ஊருக்கு ஊழியர் போவதும் உள்ளூர்க் காணிக்கையைப் பொறுத்தவை. ஆகவே பழைய கேள்விகள் புதிய அவசரத்தோடு திரும்புகின்றன. சமயப் பணிக்கு யார் கொடுக்க வேண்டும்? எவ்வளவு? கொடுத்ததன்மேல் அவருக்கு என்ன உரிமை? யூத மரபும் கிறிஸ்தவ மரபும் இவற்றுக்குத் தந்த விடைகளையும், தமிழ்நாட்டு அனுபவம் அவற்றுக்குச் சேர்த்த பாடத்தையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. நான் வந்தடையும் முடிவு இது: கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறதோ அவருக்கே பணி சொந்தமாகிறது. ஆகவே கொடையின் அளவைப் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

வேதம் வகுத்த நெறி

எபிரெய வேதத்தில் சமயப் பணிக்கான கொடை இரண்டு தடங்களில் ஓடுகிறது. ஒன்று மனமுவந்து தருவது. யாத்திராகமத்தின் 35, 36ஆம் அதிகாரங்களில் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் எழுப்பும் வேலை நடக்கிறது. பொன், வெண்கலம், நூல், தோல், வாசனைப் பொருள் என்று மக்கள் கொண்டுவந்து குவிக்கிறார்கள். தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று கைவினைஞர்கள் மோசேயிடம் முறையிட, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயம் முழுவதும் அறிவிக்கப்படுகிறது. போதும் என்று சொல்லத் தெரிந்த நிதி திரட்டல் அது. காணிக்கை கேட்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பகுதி இதுவே என்று நினைக்கிறேன்.

மற்றது கட்டாயம். அரைச் சேக்கல் வரியில் பணக்காரன் கூடுதலாகத் தரக்கூடாது, ஏழை குறைத்தும் தரக்கூடாது. ஆலயத்தின் அன்றாடப் பலியில் எல்லாருக்கும் சம பங்கு என்பது இதன் பொருள். தசமபாகமோ நிலத்தின் விளைச்சல்மீதும் மந்தையின்மீதும் விழுந்தது. அதைப் பெற்றவர்களில் முதன்மையானவர்கள் சொந்த நிலம் இல்லாத லேவியர். உபாகமத்தின்படி மூன்றாம் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு லேவியரோடு அந்நியருக்கும், தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், விதவைக்கும் உரியது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடுவது, மறந்துவிட்ட அரிக்கட்டைத் திரும்பிப்போய் எடுக்காமல் இருப்பது போன்ற விதிகளும் இதனோடு சேர்ந்தே வருகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தசமபாகம் நிலமுள்ளவர் தரவேண்டியது, நிலமற்றவர் பெறவேண்டியது. ஆலயப் பணியாளரும் ஏழையும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். சமயப் பணிக்குக் கொடுப்பதையும் ஏழைக்குக் கொடுப்பதையும் வேதம் தனித்தனி உண்டியல்களாகப் பிரிக்கவில்லை.

கணக்கு பற்றிய முதல் பெரிய நெருக்கடியும் வேதத்திலேயே பதிவாகியிருக்கிறது. யோவாஸ் அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கத் திரண்ட பணம் ஆசாரியர் கைக்குப் போனது. அவனுடைய ஆட்சியின் 23ஆம் ஆண்டு வரை பழுது சரிசெய்யப்படவில்லை. பிறகு ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்தார்கள். பெட்டி நிறைந்ததும் அரசனின் எழுத்தரும் தலைமை ஆசாரியரும் சேர்ந்து எண்ணினார்கள். இன்று நம் ஊர் ஆலயங்களில் இருவர் முன்னிலையில் உண்டியல் திறக்கும் வழக்கத்தின் வேர் அவ்வளவு பழையது.

ரப்பிகள் சேர்த்தவை

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தபின், கொடுக்கும் கடமை அழியவில்லை. யூதச் சமய ஆசிரியர்களான ரப்பிகள் அதை நுணுக்கமான சட்டமாக்கினார்கள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஆலயக் கருவூலத்தின் நடைமுறையை நினைவுகூர்கிறது. பணம் எடுக்க உள்ளே போகிறவர் மடிப்புத் தைத்த ஆடையோ காலணியோ அணியக்கூடாது. பின்னாளில் அவர் செல்வரானால் கருவூலத்தால் செல்வரானார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பது காரணம். ஆலயத்தில் இரகசிய அறை ஒன்றும் இருந்தது. கொடுப்பவர் மறைவாக வைத்துப் போவார். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர் மறைவாக எடுத்துப் போவார். ஏழைகளுக்கான நிதியை இருவர் சேர்ந்து திரட்ட வேண்டும், மூவர் சேர்ந்து பகிர வேண்டும் என்பதும் மிஷ்னாவின் விதி.

அளவைப் பற்றியும் அவர்கள் தெளிவாகப் பேசினார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாரி வழங்கித் தானே பிறரை அண்டி நிற்கும் நிலைக்கு யாரும் வரக்கூடாது என்று ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூது உச்சவரம்பு வைத்தது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ், ஐந்தில் ஒன்று சிறப்பு, பத்தில் ஒன்று நடுத்தரம் என்று தொகுத்தார். தர்மத்தில் வாழ்கிறவரும் தன்னிடம் உள்ளதிலிருந்து சிறிது கொடுக்க வேண்டும் என்றார். ஏழைக்குப் பெறும் உரிமையோடு கொடுக்கும் மாண்பும் உண்டு என்பதே அதன் உட்கருத்து.

சமயக் கல்விக்குக் கொடுப்பதில் யூத மரபு தனி வழி கண்டது. கடல் வணிகம் செய்த செபுலோன் கோத்திரம், வேதம் படித்த இசக்கார் கோத்திரத்தைத் தாங்கியது என்பது ரப்பிகளின் விளக்கம். அதையொட்டி, வணிகரும் மாணவரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒருவர் உழைப்பையும் மற்றவர் படிப்பின் பலனையும் பங்கிட்டுக் கொண்டார்கள். கொடையாளர் இங்கே புரவலராக மேலே நிற்கவில்லை. பங்காளியாக அருகில் நிற்கிறார்.

நம்பகமான பொருளாளரிடம் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்றும் தல்மூதில் ஒரு விதி உண்டு. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் ரப்பி மோசே இஸர்லேஸ், கேட்காவிட்டாலும் தாமே கணக்குக் கொடுப்பதே நல்லது என்று அதற்கு அருகில் எழுதிச் சேர்த்தார். கொடுப்பவரின் நம்பிக்கை ஒரு பக்கம், பெறுபவரின் பொறுப்பு மறுபக்கம். இரண்டும் தேவை.

கொச்சியும் பம்பாயும்

இந்த நெறி நம் மண்ணிலும் வாழ்ந்திருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபாலயம் 1568இல் எழுந்தது. டச்சுக்காரர்களோடு வணிகம் செய்த எசக்கியேல் ரஹாபி 1760களின் தொடக்கத்தில் அதற்கு மணிக்கூண்டும், சீனாவிலிருந்து வருவித்த கைவண்ண ஓடுகள் பதித்த தரையும் அளித்தார். இன்றும் அந்த நீலவெள்ளைத் தரைமேல் நடக்கலாம். எருசலேம், எபிரோன், திபேரியா போன்ற ஊர்களிலிருந்து தூதர்கள் பாலஸ்தீனத்து யூதர்களுக்காக நிதி திரட்ட இந்தியத் துறைமுகங்கள் வரை வந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பேரேடு இருக்கும். ஒவ்வொரு ஊர்ச் சபையும் தான் கொடுத்ததை அதில் எழுதிக் கையொப்பமிடும். அடுத்த ஊர்க்காரர் அதைப் பார்த்துத் தம் பங்கை முடிவு செய்வார். கொடையாளர் ஒருவர் மற்றவருக்குச் சாட்சியாகும் ஏற்பாடு அது.

பாக்தாதிலிருந்து 1832இல் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த டேவிட் சசூன் குடும்பம், ஒவ்வொரு வணிகப் பேரத்திலும் கால் சதவீதத்தைத் தர்மக் கணக்கில் எழுதி வந்தது. பைகுல்லாவின் மாகென் டேவிட் ஜெபாலயமும் புனேயின் ஓஹெல் டேவிட் ஜெபாலயமும் 1860களில் அந்தக் குடும்பத்தின் கொடையில் எழுந்தவை. மிச்சமானதைக் கொடுப்பதற்கும் பேரத்தின் முதல் வரியிலேயே ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இதில் காணலாம். தமிழ் வணிகரின் மகமையும் இதே அறிவில் பிறந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எடுத்துவைத்த காசில் நாடார் உறவின்முறைகள் கோயிலும் பள்ளியும் கட்டின.

திருச்சபையின் இரு வழிகள்

இயேசு ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஏழை விதவை இரண்டு காசு போடுவதைக் கண்டு, எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்றார். கொடையை அளக்கும் கோல் அன்று மாறியது. தொகையை அளக்காமல், கொடுத்தபின் மிஞ்சியதை அளக்கும் கோல் அது. ஆனால் மாற்கு நற்செய்தியில் இதற்குச் சற்று முன்தான் விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். ஆகவே இது பாராட்டா, அவளை வெறுங்கையாக்கிய அமைப்பின்மீதான துயரமா என்று விளக்கவுரையாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அவளைப் புகழ்ந்து பிரசங்கிப்பவர் அந்தக் கண்டனத்தையும் சேர்த்துப் படிப்பது கடமை.

பவுல் தன் ஊழியத்துக்குக் கூடாரத் தொழில் செய்து உழைத்தார். ஆனால் எருசலேமின் ஏழைகளுக்காக ஊர் ஊராக நிதி திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னார். கட்டாயத்தால் அல்லாமல் மகிழ்ச்சியோடு கொடுக்கச் சொன்னார். கொடிய வறுமையிலும் தாராளமாகக் கொடுத்த மக்கெதோனியாவைப் பிறருக்கு எடுத்துக்காட்டினார். அந்தப் பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களை உடன் அழைத்துக்கொண்டார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று அதற்குக் காரணமும் எழுதினார்.

2ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், சபையின் பொதுப்பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதம் ஒருமுறை, விரும்பியவர், இயன்றதைப் போடுவார். ஏழைகளை அடக்கம் செய்யவும், அநாதைகளையும் முதிய அடிமைகளையும் கப்பலுடைந்தோரையும் காக்கவும் அது செலவானது.

பிறகு அரசு குறுக்கே வந்தது. 779இல் சார்லமேன் தசமபாகத்தைச் சட்டமாக்கினார். தானாகத் தந்தது வரியானது. வரியான காணிக்கை ஆயிரம் ஆண்டு வெறுப்பைச் சேர்த்தது. பிரெஞ்சுப் புரட்சி 1789இல் அதை ஒழித்தது. இங்கிலாந்து 1836இல் விளைச்சல் பங்கைப் பணமாக மாற்றிச் சட்டமியற்றியது. கட்டாயம் பணத்தைத் தந்தாலும் மனதைப் பறிக்கும் என்பதற்கு ஐரோப்பாவின் இந்த நீண்ட வரலாறே சான்று.

கடல் கடந்து வந்த கொடை

1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் தபால் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 2000 தாலர் ஒதுக்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே மிஷனரிகளின் கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு விற்றார். படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். லண்டனின் எஸ்.பி.சி.கே. சங்கம் அச்சு இயந்திரம் கொடுத்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தமிழில் அச்சு வேரூன்றியதில் முகமறியாத ஐரோப்பியக் கொடையாளருக்கும் பங்கு உண்டு.

திருநெல்வேலிப் பக்கத்து ஊர்ப்பெயர்களே கொடைச் சாசனங்கள். கிறிஸ்தவர்கள் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுத்த வணிகர் சாமுவேல் சாயரின் பெயரில் சாயர்புரம். மிஷனரி ரேனியஸ் 1827இல் அமைத்த குடியிருப்புக்குப் பணம் தந்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரில் டோனாவூர். அதே டோனாவூரில் 1901 முதல் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று விரதம் பூண்டார். கேட்டுப் பெறும் வழியும், கேளாமல் காத்திருக்கும் வழியும் ஒரே ஊரில் தடம் பதித்திருக்கின்றன.

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள நிறுவனங்களுக்கு வருவோம். சாதி வேற்றுமையைச் சபைக்குள் பொறுத்துக்கொள்ள முடியாது என்று லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஆக்ஸ், 1861இல் கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா நிலையத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைத் தாங்க முன்வந்தது. அந்த வேர் படர்ந்து திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் வந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதில் முளைத்தது. டென்மார்க்கில் அதற்குக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி கிராமச் சபையார். பெண்கள் கூடித் தைத்துப் பின்னிய பொருள்களை விற்று மிஷனுக்கு அனுப்பினார்கள்.

சேத்துப்பட்டில் பாரிஸ் வேதபோதக சபையின் தரஸ் அடிகளார் 1870களின் பெரும் பஞ்சக் காலத்திலும் அதன் பின்னரும் உழைத்தார். அந்தச் சபையின் பணிக்குப் பணம் தந்தது லியோன் நகரில் 1822இல் பிறந்த விசுவாசப் பரப்புதல் சங்கம். பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் பட்டாலைத் தொழிலாளிகளிடம் வாரம் ஒரு சிறு காசு வாங்கித் தொடங்கிய முறை அது. பத்துப் பேருக்கு ஒருவர் திரட்டுவார். பத்துப் பத்துகள் சேர்ந்தால் நூறு, அதற்கு ஒருவர் பொறுப்பு. நூறுகள் சேர்ந்து ஆயிரம். ஆலைக் கூலியில் கிள்ளி எடுத்த காசு உலகெங்கும் ஆலயங்களை எழுப்பியது. 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை பவுலினுக்கு அருளாளர் பட்டம் அளித்தது.

வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய பணிக்கு நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1920களின் தொடக்கத்தில், ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் ராக்பெல்லர் நிதியம் 10 லட்சம் தரும் என்று ஏற்பாடானது. பெண்கள் சிறுசிறு தொகையாகத் திரட்டி முடித்தார்கள். வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அதில் பயன்பெற்றன.

வெளிநாட்டுப் பணம் என்று பொதுவாகச் சொல்லும்போது இவையெல்லாம் மறைந்துபோகின்றன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அங்குள்ள எளியவர்களின் பிடியரிசிதான். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்.

அதே நேரத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஹாலேயின் அறிக்கைகளும், லியோன் சங்கத்தின் இதழும், டேனிஷ் மிஷனின் செய்தித்தாளும் கொடுத்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கணக்கு அங்கே போனது. எந்த ஊரில் பள்ளி, எந்தப் போதகருக்கு எவ்வளவு என்ற முடிவும் அங்கிருந்தே வந்தது. இங்கிருந்த விசுவாசிக்கு அவற்றில் எதுவும் தெரியாது. தன் ஊர் ஆலயத்தை மிஷன்காரர் ஆலயம் என்றே அவர் நினைத்தார். கொடுக்க அழைக்கப்படாதவரும் கணக்குக் காட்டப்படாதவரும் விருந்தாளியாகவே தங்கிவிடுகிறார்.

பிடியரிசி கட்டிய உரிமை

இந்தக் குறையை உடைத்தவர்களும் நம் மண்ணிலேயே எழுந்தார்கள். மிகப் பழைய முன்னோடி குளோரிந்தா. பிராமணக் குடும்பத்தில் பிறந்து விதவையான அவர் 1778இல் மிஷனரி சுவார்ட்சிடம் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் அவர் முயற்சியில் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே ஊரார் அதை அழைத்தார்கள். கொடுத்தவரின் பெயர் மக்கள் வாயில் ஏறியபோது ஆலயம் ஊருடையதானது. 1830இல் ரேனியஸின் ஊக்கத்தில் திருநெல்வேலியில் உருவான தர்ம சங்கம், ஊர்விட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்க உள்ளூர்க் கிறிஸ்தவர்களிடமே காசு திரட்டியது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். அது அவரைச் சுட்டது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஊழியரும் இந்தியர், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியருடையது. திருநெல்வேலியின் பனையேறிகளும் சிறு விவசாயிகளும் கொடுத்த காசில் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர் போனார்கள். அசரியா 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். வறுமை மிகுந்த கிராமச் சபைகளைப் பார்த்து, கொடுக்கும் கடமை உங்களுக்கும் உண்டு என்று அவர் கற்பித்தார். தானியமும் கோழியும் காணிக்கையாக வந்தன. கிறிஸ்தவக் கொடை பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார். தாழ்த்தப்பட்ட மக்களிடம் கொடுக்கச் சொல்வது சுமை ஏற்றுவதாகாதா என்ற கேள்விக்கு அவர் வாழ்வே விடை: என்றும் வாங்குபவராகவே வைத்திருப்பதுதான் பெரிய அவமானம்.

இந்த இயக்கத்தின் உயிர் பிடியரிசி. உலையில் போடும் அரிசியிலிருந்து வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் போடுவார். வாரக்கடைசியில் சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டி விற்பார்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 1910இல் இதே வழக்கத்தைத் தொடங்கி, இன்றும் ஊழியர்களை அதைக்கொண்டே பெருமளவில் தாங்குகிறது. இது கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தும் அன்று. காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டத்தை வளர்த்தார். சம்பளம் வாங்காத, நிலப்பட்டா தன் பெயரில் இல்லாத பெண்ணுக்கு அடுப்படிதான் அதிகார எல்லை. அந்த எல்லைக்குள்ளிருந்து கொடுத்ததால், குடும்பத்தலைவரின் அனுமதி இல்லாமலே அவர் ஒரு பணியின் பங்காளியானார்.

தென்மாவட்டங்களில் அறுப்புப் பண்டிகை ஏலமும் அசனம் என்னும் பொதுவிருந்தும் இதன் தொடர்ச்சி. முதல் விளைச்சல் பூசணியும், ஒற்றை முட்டையும், தேங்காயும் ஏலத்தில் பல மடங்கு விலை போகும். கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன்பாட்டில் ஒரு பங்கு குத்தகையாகக் கோயிலுக்குப் போனது. இவற்றில் போட்டியும் பெருமையும் கலந்திருக்கலாம். ஆயினும் யார் என்ன கொடுத்தார், எவ்வளவு சேர்ந்தது என்பது ஊரார் கண்முன் நடக்கிறது. 1960களில் தமிழ்நாட்டு ஜெபக்குழுக்களிலிருந்து கிளம்பிய ஃபிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டும் உள்நாட்டுக் காணிக்கையை மட்டும் நம்பி, மாதச் சந்தாவாகத் திரண்ட சிறுதொகைகளில் வடமாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பியது.

இன்றைய நெருக்கடிகள்

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் புதுப்பிக்கப்பட்டது. 2020 செப்டம்பர் திருத்தம் அதை மேலும் இறுக்கியது. பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெற்ற அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. பெரிய அமைப்பிடமிருந்து பெற்று நடந்த சிறிய விடுதிகளையும் கிராமப் பணிகளையும் இந்தக் கடைசி விதி நேரடியாகத் தாக்கியது. இச்சட்டத்தின் நியாயம் பற்றிக் கடும் விவாதம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கிராமச் சபையின் கண் இனி உள்ளூர்க் காணிக்கையின்மேல்தான்.

இங்கே இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. முதலாவது, தசமபாகத்தை மிரட்டலாக்குவது. பத்தில் ஒன்று தராதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று மல்கியாவின் புத்தகத்தைக் காட்டிப் பிரசங்கிக்கிறார்கள். கொடுத்தால் நூறு மடங்கு திரும்பும் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குக் கடன் வாங்கிய குடும்பமும் அதை நம்பிக் கொடுக்கிறது. நூறு நாள் வேலைக்கூலியில் வாழும் விதவையிடம் பத்தில் ஒன்று கேட்பவர், உபாகமத்தின் பட்டியலில் அந்த விதவை எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்க்கட்டும். மோசேயின் சட்டத்தில் அவர் பெறுபவர். அவர் தானாக ஒரு பிடி அரிசி தந்தால் அதை மதித்து வாங்குவோம். பங்கு நிர்ணயித்துப் பிடுங்குவது வேதத்தைத் தலைகீழாகப் படிப்பது. சொந்த நிலமும் மாதச் சம்பளமும் உள்ளவருக்கோ தசமபாகம் இன்றும் நல்ல தொடக்கம். அங்கே பிரசங்கம் இன்னும் அழுத்தமாகவே இருக்கலாம்.

இரண்டாவது ஆபத்து மூடிய பேரேடு. மிஷன் காலத்தில் வாங்கிய நிலங்கள், பள்ளிகள், கடைவாடகைகள் இன்று பெருமதிப்புள்ளவை. அவற்றைக் குறித்த வழக்குகள் நீதிமன்றங்களில் தேங்குகின்றன. தனிநபர் ஊழியங்களில் காணிக்கை ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போவதும் உண்டு. கியூஆர் அட்டை வைத்துக் காணிக்கை வாங்குவது எளிதாகிவிட்டது. அந்த வேகத்தில் கணக்கு வெளிவருவதில்லை. முன்பு கணக்கு கடல் கடந்தாவது போனது. இப்போது எங்கும் போகாமல் நின்றால் பணி யாருக்கும் சொந்தமாகாது.

என்ன செய்யலாம்

மரபு நான்கு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, மிஷ்னாவும் பவுலும் சொன்னபடி பணத்தை ஒருவர் கையில் விடாதிருப்பது. திரட்ட இருவர், பகிர மூவர், அவர்களில் ஒருவராவது பெண், ஒருவராவது கூலிக்குடும்பத்தவர். இரண்டு, மாதந்தோறும் வரவுசெலவை ஆலயக் கதவருகே ஒட்டுவது. திருவண்ணாமலைக் கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளைப் பார்த்து வளர்ந்த மக்கள் நாம். விளக்கெரிக்கக் கொடுத்த நிலத்தையும் ஆட்டையும் அதற்குப் பொறுப்பானவரையும் நம் முன்னோர் எல்லாரும் பார்க்கக் கல்லில் வெட்டினார்கள். பொதுவில் கணக்கு வைப்பது நமக்கு அந்நிய வழக்கம் அன்று. மூன்று, வரும் காணிக்கையில் நிலையான ஒரு பங்கைச் சபைக்கு வெளியே, ஊரின் ஏழைக்கும் வேறிடத்துப் பணிக்கும் ஒதுக்குவது. யாழ்ப்பாணத்தார் தொண்டிக்கும் திருநெல்வேலியார் தோர்ணக்கல்லுக்கும் கொடுத்ததால்தான் அவர்கள் கொடை தேங்காமல் ஓடியது. நான்கு, தேவை நிறைந்தால் மோசேயைப்போல் போதும் என்று அறிவிப்பது.

இந்த நான்கும் இருக்கும் இடத்தில் தொகை சிறிதாக இருந்தாலும் கவலை இல்லை. மணிலா விற்ற விவசாயி ஒரு மூட்டையின் விலையைத் தருவார். நாற்று நடுகிற பெண் ஒரு பிடி அரிசி தருவார். தாம் கொடுத்தது எங்கே போனது என்று இருவரும் ஒரே அறிவிப்புப் பலகையில் படிப்பார்கள், தவறு கண்டால் சபைக்கூட்டத்தில் எழுந்து கேட்பார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு இடம் கொடுக்கும் சபைக்கே அவர்களிடம் காணிக்கை கேட்கும் தகுதி உண்டு.